சாலை பேசும் காலமும் சாலையைக் கடக்கும் நாமும்

சென்ற ஆண்டு வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்திற்கு நாங்கள் பள்ளியிலிருந்து திருப்பயணம் சென்றிருந்தோம். பேருந்து நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியை நெருங்கியபோது ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். தடுப்புக் கட்டை தானாக மேலே எழும்பியது. பேருந்து நிற்காமலே கடந்துவிட்டது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஜெபத்தை விட்டுவிட்டு, "அக்கா, கட்டையை யார் தூக்கினது?" என்று கேட்டாள். யாரும் தூக்கவில்லை, நம் பேருந்தே அந்தக் கம்பத்தோடு பேசி அனுமதி வாங்கிக்கொண்டது என்றோம். "பேருந்து பேசுமா?" என்று சிரித்தாள்.

பேசும். வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'ஃபாஸ்டாக்' வில்லையில் மின்கலம் ஏதும் கிடையாது. கம்பத்தில் உள்ள கருவி வானொலி அலையை வீசுகிறது. அந்த அலையின் ஆற்றலையே கடன் வாங்கிக்கொண்டு வில்லை தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் நம் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் இது கட்டாயமாயிற்று. கம்பியில்லாமல் வண்டியும் சாலையும் பேசிக்கொள்வதை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருமே இன்று பார்த்திருக்கிறார்கள். ஆயினும் இது ஒரு சொல் பேச்சு. "யார் நீ?" என்று சாலை கேட்கிறது. "இன்ன எண்" என்று வண்டி பதில் சொல்கிறது. அவ்வளவுதான்.

உலகின் வேறு சில நாடுகளில் இதைவிட நீண்ட பேச்சுக்கு முயன்று வருகிறார்கள். அமெரிக்கா 1999ஆம் ஆண்டிலேயே 5.9 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை இதற்கென்றே ஒதுக்கி வைத்தது. ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து முறை, "நான் இங்கே இருக்கிறேன், இன்ன வேகத்தில் போகிறேன், இப்போது பிரேக் போடுகிறேன்" என்று சுற்றியுள்ள வண்டிகளுக்கும் சாலையோரக் கம்பங்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது திட்டம். சிக்னல் கம்பம் தன் பங்கிற்கு, "இன்னும் நான்கு நொடியில் சிவப்பு விழும்" என்று முன்கூட்டியே அறிவிக்கும். 2012இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஏறக்குறைய மூவாயிரம் வண்டிகளில் இந்த வானொலிப் பெட்டிகளைப் பொருத்தி உண்மைச் சாலையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இருபது ஆண்டு காத்திருந்தும் இத்தகைய வண்டிகள் பெருகவில்லை என்று சொல்லி, 2020இல் அந்த அலைவரிசையில் 45 மெகா ஹெர்ட்ஸை வைஃபைக்கு மாற்றிவிட்டது அந்நாட்டு அரசு. மீதி 30 இன்னும் சாலைக்கு இருக்கிறது. வீட்டில் ஓர் அறை நெடுநாள் பூட்டிக் கிடந்தால் வாடகைக்கு விட்டுவிடுவார்கள் அல்லவா, அது போலத்தான்!

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை எடுத்த எடுப்பில் சாலையில் செய்து பார்க்க முடியாது. பணம் ஒரு காரணம். உயிர் மற்றொரு காரணம். "இந்த எச்சரிக்கை தாமதமாக வந்தால் விபத்து நடக்குமா?" என்பதை உயிருள்ள மனிதரை வைத்துச் சோதிப்பது பாவம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் முதலில் கணிப்பொறிக்குள் ஒரு பாவனைச் சாலையை அமைத்துக்கொள்கிறார்கள். பாவனை வண்டிகளை அதில் ஓடவிட்டு, பாவனைச் செய்திகளை அனுப்பி, எத்தனை போய்ச் சேர்ந்தன, எத்தனை காற்றோடு போயின என்று எண்ணுகிறார்கள். பாவனையில் நன்றாக வந்ததே பின்னர் சாலைக்கு வரும். பாவனைச் சாலையில் யாருக்கு இடம் கொடுக்கிறார்களோ, அவருக்குத்தான் நாளை உண்மைச் சாலையிலும் பாதுகாப்பு. நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது இந்த ஓர் எண்ணத்தினாலேயே.

அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் இதைக் கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் நாங்களே ஒரு பாவனைச் சாலையை அமைத்துப் பார்த்தோம். ஜெர்மனியின் வான்வெளி ஆய்வு மையம் 2001 முதல் விலையில்லாமல் வழங்கிவரும் 'சுமோ' என்ற நிரலைப் பயன்படுத்தினோம். (சுமோ என்றதும் தந்தையர் சிலர் பழைய ஜீப் வண்டியை நினைத்துக்கொண்டார்கள். அதுவன்று இது.) எல்லாருக்கும் பொதுவான வரைபடத்திலிருந்து நம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களை எடுத்து நிரலில் இட்டால், கோடுகளின் மேல் மஞ்சள் முக்கோணங்கள் ஓடத் தொடங்குகின்றன. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கார்.

முதல் நாள் வண்டிகள் எல்லாம் வலப்புறமாகவே ஓடின! செய்தவர்கள் ஜெர்மானியர் அன்றோ? நம் நாட்டில் இடப்புறம் செல்ல வேண்டும் என்று நாம்தான் நிரலுக்குச் சொல்ல வேண்டும். அதைத் திருத்தியதும் பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு வண்டியும் மற்றொன்றை இடிக்கவில்லை. சிக்னலில் வரிசை குலையாமல் நின்றன. ஆரன் சத்தம் இல்லை. கூடத்திற்கு வந்து எட்டிப் பார்த்த சிஸ்டர் ஒருவர், "உங்கள் சாலை மோட்சத்தில் இருக்கிறதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிஸ்டர் வேடிக்கையாகக் கேட்டாலும் அதில் உண்மை இருந்தது. அந்த நிரலில் வண்டிகள் இயல்பாகவே ஒன்றையொன்று இடிக்காதபடிதான் ஓடும். முன்னால் போகும் வண்டி திடீரென நின்றாலும் தன்னால் நிறுத்த முடிகிற வேகம் எதுவோ, அதற்கு மேல் பின்வண்டி போகாது. விபத்து வேண்டுமென்றால் நாமே வலிந்து உண்டாக்க வேண்டும். இன்னொன்று கேளுங்கள். நெரிசலில் ஒரு வண்டி 300 நொடி அசையாமல் நின்றுவிட்டால், நிரல் அதை அப்படியே தூக்கி, வழியில் அடுத்து இடம் இருக்கும் தெருவில் போட்டுவிடும்! கோயில் திருவிழா நாளில் தேர் வரும் தெருவில் ஐந்து நிமிடம் நின்றவர்கள் இந்தச் சலுகைக்காக என்னதான் கொடுக்கமாட்டார்கள்? நிரலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இவையெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை, அதன் கையேட்டில் ஒளிக்காமல் எழுதப்பட்டவை. ஆனால் மாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! தோன்றாதவருக்கு அந்த அழகான சாலையே உண்மைச் சாலையாகத் தெரியும்.

மூன்றாம் நாள்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பாவனைச் சாலையில் பள்ளி இருந்தது, வாயில் இருந்தது. பள்ளிக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை. கார் என்ற கட்டத்தில் மட்டுமே நாங்கள் குறியிட்டிருந்தோம். நடப்போர் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட எங்களில் யாருக்கும் நினைவு வரவில்லை. காலையும் மாலையும் கால்நடையாக வந்து போகிற நாங்களே எங்களை மறந்துவிட்டோம்! மற்றவர் மறப்பதை எப்படிக் குறை சொல்வது?

நடப்போரையும் சேர்த்தோம். சின்னஞ்சிறு வடிவங்கள் ஓரத்தில் நடந்து, கோடு போட்ட இடத்திற்கு வந்து, அங்கே மட்டுமே கடந்தன. கார்கள் பணிவோடு நின்று வழிவிட்டன. மாலை நாலேகால் மணிக்கு நம் வாயிலைப் பார்த்த எவரும் இதை நம்பமாட்டார்கள். கடைசி மணி அடித்ததும் வெளியே வருகிறவர்களை எண்ணிப் பார்க்க நாங்கள் இருவர் இருவராக நின்றோம். நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி தொடங்கினோம், மறுபடி தவறியது. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள், எதிர்ப்புற ஐஸ் வண்டிக்கு நேர்கோட்டில் போகிறவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு வழி. இவர்களில் யாரும் 'நடப்போர் கடக்கும் இடம்' எங்கே என்று தேடுவதில்லை. தேடினாலும் கிடைக்காது. வெள்ளைக் கோடுகள் அழிந்து நாளாயிற்று.

சென்ற ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒருத்திக்குக் கை முறிந்ததை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். நகரப் பேருந்து வாயிலுக்கு எதிரே நின்றிருந்தது. குழந்தை பேருந்தின் முன்பக்கமாகக் கடந்தாள். பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர் பேருந்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். குழந்தையை அவருக்கும் தெரியாது, அவரைக் குழந்தைக்கும் தெரியாது. நடுவே பேருந்து மறைத்துக்கொண்டு நின்றது. அவர் வேகமாகக்கூட வரவில்லை. கடவுள் அருளால் கையோடு போயிற்று. எங்கள் பாவனைச் சாலையில் இந்த விபத்தை எத்தனை நாள் ஓட்டினாலும் பார்க்க முடியாது. பேருந்துக்கு முன்னால் கடக்கிற குழந்தையே அங்கே கிடையாது.

இனி வானொலிக்கு வருவோம். சாலைப் பாவனையோடு செய்திப் பாவனையையும் இணைத்தால்தான் கணக்கு முழுமை பெறும். 'ஓம்நெட்' என்ற செய்திப் பாவனை நிரலையும் சுமோவையும் சேர்த்து ஓட்டுவதற்கு, இரத்தக் குழாய் என்று பொருள்படும் 'வெயின்ஸ்' என்ற இணைப்பு நிரல் ஒன்று உண்டு. வண்டி ஓர் அடி நகர்ந்தால் அதன் வானொலியும் நகர்கிறது. அது அனுப்பிய செய்தி எதிர் வண்டிக்கு எட்டியதா, நடுவே கட்டடம் தடுத்ததா, வேறொரு செய்தியோடு மோதிக் குழம்பியதா என்று நிரல் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிறது. இதை எங்கள் கூடத்துக் கணிப்பொறிகளால் ஓட்ட முடியவில்லை. ஆனால் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். அதுவே வியப்பாக இருந்தது.

ஒரு செய்தி 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2,400 பிட். இவ்வகை வானொலிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வேகம் நொடிக்கு 60 லட்சம் பிட். வகுத்தால் ஒரு செய்தி காற்றில் எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. அற்பம்தான். ஆனால் ஒரு சந்திப்பில் 200 வண்டிகள் கூடிவிட்டால்? ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறை பேசினால் 2,000 செய்தி. பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு நொடியிலும் 0.8 நொடி பேச்சிலேயே போய்விடுகிறது. அதுவும் ஒருவர் முடித்த கணமே அடுத்தவர் தொடங்கினால்! இந்த வானொலிகள், பேசுமுன் காது கொடுத்துக் கேட்டு, காற்று அமைதியாக இருந்தால் மட்டுமே பேச வேண்டும் என்ற நல்ல பழக்கம் உடையவை. நம் வகுப்புகளுக்கும் இதைச் சட்டமாக்கலாம் என்று ஆசிரியைகள் சொல்லக்கூடும். இருந்தும் மோதல் வருகிறது. மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கிற இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கேட்பதில்லை. காற்று அமைதி என்று எண்ணி இரண்டும் ஒரே கணத்தில் பேசுகின்றன. நடுவில் நிற்கும் கம்பத்திற்கு இரண்டுமே புரிவதில்லை. மாணவத் தலைவி இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும் கூச்சலில் திகைப்பது போலத்தான்.

மதில் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 5.9 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய அலை மூலை திரும்பிப் போவது அரிது. சுவர் வந்தால் நிழல்தான். நம் பள்ளியின் வடகிழக்கு மூலையில் கெபியும் உயர்ந்த மதிலும் சேர்ந்திருக்கும் இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்கும் தெரிவதில்லை. அவ்விடத்தில் வானொலிக்கும் ஏறக்குறைய நம் கண்ணின் கதிதான். ஜப்பானியர் 760 மெகா ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் அலை நாற்பது சென்டிமீட்டர் நீளம், மூலைகளில் சற்று வளைந்து போகும்.

இவ்வளவு நுட்பமாகச் சுவரையும் அலையையும் மோதலையும் பாவனை செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்திற்கு ஒரு புகழ்பெற்ற பாவனை இருக்கிறது. 400 சதுர கிலோமீட்டர் பரப்பு, 24 மணி நேரம், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள். வண்டிகளிடையே கம்பியில்லாச் செய்தியைப் பற்றி ஆராய்கிறவர்கள் பலருக்கு அதுவே ஆதாரம். அத்தனை பயணங்களும் கார்ப் பயணங்கள். அவர்கள் கேள்வி கார் வானொலியைப் பற்றியது, ஆகவே கார்களை எண்ணினார்கள். அதில் தவறில்லை. தவறு எங்கே புகுகிறது என்றால், "எங்கள் முறையில் எச்சரிக்கை நூற்றுக்கு இத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது" என்று முடிவு எழுதும்போது. அந்த 'பேர்' என்பது வானொலி வைத்திருப்பவர்கள். வானொலி இல்லாதவர் அந்த நூறிலேயே சேரவில்லை.

நம் நாட்டில் சாலையில் இறப்பவர் யார்? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105. முதலிடம் என்ற சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கார்கள் மட்டுமே ஓடும் பாவனையைப் பார்த்தால், வேறு ஏதோ கிரகத்தைப் பார்ப்பது போலிருக்கிறது.

மாதிரியில் இல்லாதவர் உண்மையிலும் காணப்படமாட்டார் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று காட்டலாம். 2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தானாக ஓடும் சோதனைக் கார் ஒன்று, இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை மோதிக் கொன்றது. அந்த வண்டிக்குக் கண் போன்ற கருவிகள் இருந்தன. அவை அவரைக் கண்டும் இருந்தன. ஆனால் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடக்கக்கூடும் என்பதை அதன் நிரலில் எவரும் எண்ணி எழுதவில்லை என்று அந்நாட்டு விசாரணைக் குழு 2019இல் தெரிவித்தது. கார்களை மோதிச் சோதிக்கும் பொம்மைகளின் கதையும் இதுவே. நெடுங்காலம் அவை சராசரி ஆணின் உடலை அளவாகக் கொண்டவை. சராசரிப் பெண்ணின் உடலமைப்போடு பின்மோதல் சோதனைக்கு ஒரு பொம்மையை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியது 2022இல்தான். பெண்கள் கார் ஓட்டத் தொடங்கி எத்தனை காலம் ஆயிற்று!

"நடப்பவருக்கும் ஒரு வானொலியைக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்று சொல்வாருண்டு. கைப்பேசியிலேயே அதைச் சேர்க்கலாம், அடையாள அட்டையில் வைத்துத் தைக்கலாம் என்கிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர நமக்கு அனுமதி இல்லை, அது போகட்டும். காய்கறிக் கூடையோடு கடக்கும் பாட்டிக்கு யார் மாட்டிவிடுவது? அவர் மின்கலத்திற்கு மின்னேற்ற மறந்த நாளில், "வானொலி இல்லாமல் ஏன் கடந்தாய்?" என்று அவரையே குற்றவாளி ஆக்கிவிடமாட்டார்களா? அதைவிடப் பெரிய அச்சம் வேறொன்று. ஒரு பெண் பிள்ளை எங்கே நடக்கிறாள், எந்தத் தெருவில் திரும்புகிறாள் என்பதை நொடிக்குப் பல முறை காற்றில் அறிவித்துக்கொண்டே போவது நல்லதா? வண்டிகளுக்கே இந்தக் கவலை உண்டு. அதனால்தான் அவை அடிக்கடி மாறும் புனைபெயரில் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெயர் மாறினாலும், தினமும் அதே நேரத்தில் அதே வாயிலிலிருந்து புறப்பட்டு அதே வீட்டில் போய் நிற்கும் ஒருத்தியைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. தாய்மார்கள் இதைப் படிக்கும்போது எங்கள் பக்கம் இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

நடப்பவர் பேசாமலே இருக்கட்டும். அவருக்காகக் கம்பம் பேசட்டும். இதுவே எங்கள் கருத்து. இது கனவும் அன்று. ஜப்பானில் 2015இல் டொயோட்டா கார்களில் வந்த ஏற்பாடு ஒன்றில், சில சந்திப்புகளில் கம்பத்தில் உள்ள உணர்கருவி, எதிரே வரும் வண்டியையும் கடந்துகொண்டிருக்கும் மனிதரையும் காண்கிறது. வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர் கவனிக்காமல் நகரப் பார்த்தால் எச்சரிக்கை ஒலிக்கிறது. நடப்பவர் கையில் எதுவும் இல்லை, அவர் பெயரும் யாருக்கும் தெரியாது. "ஒருவர் கடக்கிறார்" என்ற செய்தி மட்டும் போகிறது. நம் வாயிலில் அன்று அப்படி ஒரு கம்பம் இருந்திருந்தால் பேருந்துக்கு முன்னால் வந்த குழந்தையையும் பின்னால் வந்த வண்டியையும் ஒருங்கே கண்டிருக்கும். அந்த இருசக்கர வண்டிக்கும் செய்தி கேட்கும் காது இருக்க வேண்டும் என்பது உண்மைதான். இல்லாவிட்டாலும் கம்பத்தில் ஒரு விளக்காவது மின்னலாமே!

எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியனும் அவனைக் கண்டார்கள், கண்டும் விலகிப் போனார்கள். நாளைய சாலையில் விலகிப் போகக்கூட வேண்டியிருக்காது. வானொலி உள்ளவர்கள் தமக்குள் பேசிக்கொண்டே போய்விடலாம், அவன் யார் கணக்கிலும் வராமலே கிடப்பான்.

ஆகவே நம் நகரங்களுக்கு இத்தகைய சாலைகளை வகுக்கப்போகிற பொறியாளர்களிடம் நாங்கள் கேட்பது பெரிதன்று. பாவனையைத் தொடங்கும்போது கார்களுக்கு முன்பாக நடப்போர் கட்டத்தில் குறியிடுங்கள். கோட்டில் மட்டும் அல்ல, கோடில்லாத இடத்திலும் கடக்கவிடுங்கள். நின்ற பேருந்துக்கு முன்னால் ஒரு குழந்தையை வையுங்கள். இருசக்கர வண்டிகள் இடைவெளிகளில் நுழைந்து போகட்டும். அதற்கும் சுமோவில் வழி இருக்கிறது, ஒரு தடத்தைப் பல கீற்றுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். நாலேகால் மணியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு எத்தனை செய்தி போய்ச் சேர்ந்தது என்று எண்ணுவதோடு, வானொலி இல்லாத எத்தனை பேரைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்தது என்றும் எண்ணுங்கள். எங்கள் தோழியரில் சிலர் நாளை பொறியியல் படிக்கப் போகிறார்கள். இந்த வேண்டுகோள் அவர்களுக்கும்தான்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு விபத்துக்குப் பிறகு, வாயிலில் ஒரு சிக்னலாவது வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் மனுக் கொடுத்தோம். உரிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்லவர். வெயிலில் நின்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். அவர் கையிலிருந்த படிவத்தில் லாரி, பேருந்து, கார், ஆட்டோ, இருசக்கர வண்டி, மிதிவண்டி, மாட்டுவண்டி என்று கட்டங்கள் இருந்தன. மாட்டுவண்டிக்குக்கூட இடம் இருந்தது! நடப்பவருக்கு இல்லை. கேட்டோம். "படிவம் மேலிருந்து வருகிறதம்மா" என்றார். வண்டிகளின் எண்ணிக்கை போதாது என்று பின்னர் பதில் வந்தது.

கணிப்பொறியில் நாங்கள் செய்த அதே தவறு தாளிலும் நடந்திருக்கிறது. ஆகவே அந்தப் படிவத்தைப் போல் ஒன்றை நாங்களே கோடு போட்டுத் தயாரித்து, கடைசியில் 'நடந்து கடப்போர்' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்தோம். இம்முறை எண்ணிக்கை தவறாமல் இருக்க, பத்துப் பேர் வாயிலில் நின்று, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகுப்பை மட்டும் எண்ணினோம். அஞ்சு நாள் எண்ணியதைச் சேர்த்து, எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் ஒப்பமிட்டு, சென்ற மாதம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் தாத்தா மாலை நாலேகால் மணிக்குச் சிவப்புத் துணி கட்டிய கழியோடு சாலை நடுவில் போய் நிற்கிறார். அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் பிளஸ் டூ அக்காமார் இருவர் நிற்கிறார்கள்.